தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி

சினிமாவில் கதாநாயகன் கைத்துப்பாக்கியை நீட்டி ஒரே ஒரு முறை சுடுகிறான். எதிரே நிற்கும் வில்லன் பத்தடி பின்னால் பறந்துபோய், மேஜை நாற்காலிகளை நொறுக்கிக்கொண்டு விழுகிறான். கதாநாயகனோ நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறான். கொட்டகையில் விசில் பறக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்துத் தேர்வெழுதிய நீங்களும் விசிலடிக்கலாமா?

குண்டுக்கு ஒருவனைப் பத்தடி தள்ளும் உந்தம் இருக்குமானால், அதே அளவு உந்தம் எதிர்த்திசையில் சுட்டவனுக்கும் கிடைத்தே ஆகவேண்டும். அவனும் பத்தடி பின்னால் போய் விழவேண்டும் அல்லவா? அப்படி விழுவதில்லை என்றால், வில்லனும் விழமாட்டான். இதை எண்களைப் போட்டே பார்த்துவிடலாம். அதற்கு ஓர் உண்மையான துப்பாக்கி வேண்டும். 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்த 'மாடல் 1911' என்பதையே எடுத்துக்கொள்வோம். முக்கால் நூற்றாண்டு ஒரே வேலையில் இருந்த யந்திரங்கள் அதிகம் இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த சிறு கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டுமே. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும். அதை யாராவது வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தோட்டாவை வைக்க வேண்டும். அந்த 'யாராவது' யார் என்பதுதான் இக்கட்டுரையின் கதை.

ராணுவம் எப்படித் தேர்ந்தெடுத்தது?

1899 முதல் பிலிப்பைன் தீவுகளில் நடந்த போரில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் இருந்தது 0.38 அங்குலக் குழல் கொண்ட ரிவால்வர். அந்தக் குண்டு பட்ட பிறகும் எதிராளி ஓடிவந்து தாக்கினான் என்று புகார்கள் வந்தன. 1904-ல் ஜான் தாம்ப்சன் என்ற அதிகாரியும், லூயி லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ நகரின் கால்நடைத் தொட்டியில் பலவகைக் குண்டுகளைச் சோதித்தார்கள். மாடுகளையும், இறந்த மனித உடல்களையும் சுட்டுப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கியின் குழல் 0.45 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று முடிவுக்கு வந்தார்கள்.

அருவருப்பான சோதனை என்பது ஒருபுறம் இருக்கட்டும். விஞ்ஞானம் என்ற அளவிலும் இது தேறாது. சுடப்பட்ட மாடுகள் சொற்பம். எல்லா மாடும் ஒரே இடத்தில், ஒரே முறையில் சுடப்படவில்லை. ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் சொல்கிறாரே, அந்த விதி அங்கே கடைப்பிடிக்கப்படவில்லை. ஆனாலும் 0.45 என்ற எண் நிலைத்துவிட்டது.

அதன் பிறகு நடந்த இன்னொரு சோதனை பாராட்டத்தக்கது. 1911 மார்ச்சில் கோல்ட் கம்பெனியின் துப்பாக்கியும் சாவேஜ் கம்பெனியின் துப்பாக்கியும் இறுதிப் போட்டிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. நூறு தோட்டாவுக்கு ஒருமுறை ஆறவிடுவார்கள். ஆயிரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் இடுவார்கள். சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. கோல்ட் ஒருமுறைகூடச் செய்யவில்லை. பிறகு நசுங்கிய தோட்டாவைப் போட்டார்கள். அமிலத்தில் வைத்துத் துருப்பிடிக்கச் செய்தார்கள். மணலிலும் சேற்றிலும் புதைத்தார்கள். அப்போதும் அது சுட்டது. மார்ச் 29-ல் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது.

அதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1855-ல் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில் ஒரு துப்பாக்கிக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தவர். ஒருநாள் துப்பாக்கி சுடும்போது, குழல்வாயிலிருந்து வந்த காற்று அருகிலிருந்த புற்களை மடித்துச் சாய்ப்பதைக் கவனித்தார். எல்லோரும் பார்த்த காட்சிதான். 'இந்தச் சக்தி வீணாகிறதே, இதை ஒரு வேலை வாங்கினால் என்ன?' என்று கேட்டவர் அவர். வெடிக்கும் வாயுவும் பின்னுதைப்பும் சேர்ந்து துப்பாக்கியைத் தாமே இயக்கும் பல வகை யந்திரங்கள் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தன.

உந்தக் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். 0.45 அங்குலம் என்றால் 11.43 மில்லிமீட்டர், ஏறத்தாழ நம் சுண்டுவிரல் பருமன். இந்தத் தோட்டாவின் குண்டு 230 கிரெயின் எடையுள்ளது. கிரெயின் என்பது பழைய ஆங்கில எடை, கிராமில் 14.9. குழலைவிட்டு வெளியேறும்போது அதன் திசைவேகம் நொடிக்குச் சுமார் 253 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் அல்லவா? ஆகவே இக்குண்டு ஒலியைவிட மெதுவாகவே போகிறது. தூரத்தில் நிற்பவனுக்குச் சத்தம் முன்பாகவும் குண்டு பின்பாகவும் வந்து சேரும்.

உந்தம் = நிறை × திசைவேகம். 0.0149 × 253 = 3.77 கி.கி. மீ./வி. இது பெரிதா, சிறிதா? கிரிக்கெட் பந்து 160 கிராம். அதற்கு இதே உந்தம் வேண்டுமானால் நொடிக்கு 23.6 மீட்டர், அதாவது மணிக்கு 85 கிலோமீட்டர் வேகம் போதும். சுழற்பந்து வீச்சாளர் போடும் பந்தின் வேகம் அது! அந்தப் பந்து நெஞ்சில் பட்டால் யாராவது பத்தடி பறப்பாரா? 60 கிலோ எடையுள்ள வில்லனின் உடலில் குண்டு தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அவன் பெறும் திசைவேகம் 3.77 ÷ 60 = 0.063 மீ./வி. நொடிக்கு ஆறு சென்டிமீட்டர். எறும்புகூட அவனை முந்தப் பார்க்கும்.

அப்படியானால் கிரிக்கெட் பந்தை ஆடுகளத்தில் கையால் பிடிக்கிறோம், குண்டு ஏன் உயிரைக் குடிக்கிறது? இங்கேதான் உந்தத்தையும் ஆற்றலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இயக்க ஆற்றல் திசைவேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. குண்டின் ஆற்றல் ½ × 0.0149 × 253 × 253 = 477 ஜூல். பந்தினுடையது 45 ஜூல்கூட இல்லை. உந்தம் சமம், ஆற்றலோ பத்து மடங்குக்கு மேல். அந்த ஆற்றல் முழுதும் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள முனையில் குவிகிறது. தள்ளுவதற்குப் பதில் அது துளைக்கிறது. குண்டு பட்டவன் பறப்பதில்லை. நின்ற இடத்திலேயே சரிகிறான், அல்லது ஒன்றும் ஆகாதவன்போல் இன்னும் பத்து எட்டு ஓடிவிட்டுச் சரிகிறான். பிலிப்பைன் புகாரும் இதைத்தான் சொல்லிற்று.

சுட்டவன் பக்கம் பாருங்கள். துப்பாக்கியின் எடை 1.1 கிலோ. அது 3.77 ÷ 1.1 = 3.4 மீ./வி. திசைவேகத்தில் பின்னால் உதைக்கும். இந்த உந்தத்தைக் கை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடக்குகிறது என்று கொண்டால், சராசரி விசை 38 நியூட்டன் அளவே ஆகும். நாலு கிலோ எடையைத் தூக்கும் விசைதான். நேரம் நீண்டால் விசை குறையும். பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது இதற்காகவே. எடை குறைந்த துப்பாக்கி பையில் சுமக்க இலகு; ஆனால் அதே தோட்டாவுக்கு அது கூடுதல் வேகத்தில் உதைக்கும். சுமப்பவனுக்கு வசதியானது சுடுபவனுக்கு வசதியாக இராது. கைத்துப்பாக்கித் தேர்வில் தீராத வழக்கு இது.

மூன்று மில்லிமீட்டர்

இனி யந்திரத்தின் உள்ளே போவோம். துப்பாக்கியின் மேற்பாதி 'ஸ்லைடு' என்னும் கனத்த எஃகுக் கூடு. கீழ்ப்பாதியான சட்டத்தின்மேல் அது முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். அதன் உள்ளே குழல். குழலின் மேற்புறம் இரண்டு வரம்புகள். ஸ்லைடின் உட்கூரையில் அவற்றுக்கேற்ற பள்ளங்கள். வரம்பு பள்ளத்தில் பொருந்தியிருக்கும்வரை குழலும் ஸ்லைடும் ஒரே பொருள்.

ட்ரிக்கரை இழுத்ததும் சுத்தி விழுகிறது, ஊசி கேப்பைக் குத்துகிறது, கேப்பு பொறி தருகிறது, மருந்து எரிகிறது. புகையில்லா மருந்து இது. 1884-ல் பிரான்சு நாட்டு பால் வியேல் கண்டது. பழைய கரிமருந்தாக இருந்தால் அதன் மசி இந்த நுட்பமான உறுப்புகளை நாலைந்து டஜன் தோட்டாவுக்குள் அடைத்துவிட்டிருக்கும். வாயு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 1,400 மடங்குவரை ஏறலாம். குண்டின் அடிப்பரப்போ ஒரு சதுர சென்டிமீட்டரே. ஆயினும் அதன்மேல் ஒன்றரை டன் எடைக்கு ஈடான விசை! பத்து சென்டிமீட்டர் தூரம் ஓடி, ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் குண்டு வெளியேறிவிடுகிறது.

இந்த நேரத்தில் பித்தளைக் கூட்டை வெளியே இழுத்தால் என்ன ஆகும்? மெல்லிய கூடு 1,400 மடங்கு அழுத்தத்தைத் தாங்காமல் வெடித்துச் சிதறும். ஆகவே குண்டு போகும்வரை கதவு திறக்கக் கூடாது; போனதும் உடனே திறக்க வேண்டும். யார் நேரம் பார்த்துச் சொல்வது?

மீண்டும் உந்தம்தான். முன்னால் ஓடும் குண்டு 15 கிராம். பின்னால் போகும் ஸ்லைடும் குழலும் சேர்ந்து சுமார் அரைக் கிலோ. நிறை 33 மடங்கு. ஆகவே அவை போகும் தூரம் குண்டு போகும் தூரத்தில் 33-ல் ஒரு பங்கு. குண்டு நூறு மில்லிமீட்டர் ஓடி முடிக்கும்போது ஸ்லைடு நகர்ந்திருப்பது மூன்று மில்லிமீட்டர்! பிரௌனிங் செய்ததெல்லாம், அந்த மூன்று மில்லிமீட்டரை ஒட்டியே பூட்டு திறக்கத் தொடங்குமாறு அமைத்ததுதான். குழலின் பின்பக்கம் அடியில் ஓர் ஊசல் இணைப்பு உண்டு. அது குழலைச் சட்டத்தோடு கட்டியிருக்கிறது. குழல் பின்னால் நகர நகர, இணைப்பு வட்டமாகச் சுழன்று குழலின் பின்முனையைக் கீழே இழுக்கிறது. வரம்பு பள்ளத்தைவிட்டு இறங்குகிறது. குழல் நின்றுவிடுகிறது. ஸ்லைடு மட்டும் தன் ஓட்டத்தில் பின்னால் போகிறது.

போகும்போது ஒரு கொக்கி வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுக்கிறது; ஒரு முட்டு அதைத் தட்டி வெளியே எறிகிறது. ஸ்லைடு சுத்தியைச் சாய்த்து மறுபடி தயாராக்குகிறது. இதற்குள் அமுங்கிய ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளுகிறது. கைப்பிடிக்குள் இருக்கும் மேகஸினில் ஏழு தோட்டாக்கள், அடியிலிருந்து ஸ்பிரிங்கால் உந்தப்பட்டு நிற்கின்றன. மேலே உள்ளதை ஸ்லைடு வாரிக்கொண்டு தோட்டா அறைக்குள் செருகுகிறது. வரம்பும் பள்ளமும் மறுபடி பூட்டிக்கொள்கின்றன. கண் இமைக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த குண்டு தானாகப் போகாது. ட்ரிக்கரை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். அதனால்தான் இது பாதித் தானியங்கி.

'காலியாகத்தான் இருக்கிறது'

இந்த வரிசையை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு ஒரு கேள்வி. மேகஸினில் ஏழு தோட்டா. ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டால் ஒன்று அறைக்குள் ஏறும். இப்போது மேகஸினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறோம். துப்பாக்கியில் எத்தனை தோட்டா?

'ஒன்றுமில்லை' என்பவர்கள் பலர். சரியான விடை ஒன்று. மேகஸினோடு அறைக்குள் இருக்கும் தோட்டா வெளியே வராது; மாடல் 1911 மேகஸின் இல்லாமலும் சுடும். 'காலியாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே விளையாட்டாகச் சுட்டு, எதிரில் இருந்த நண்பனையோ தம்பியையோ கொன்ற விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. இன்றும் நடக்கின்றன. அதனால்தான் சுடுதளங்களில் பயிற்சி தருபவர்கள், எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருது, மனிதரை நோக்கி நீட்டாதே, சுடும் கணம்வரை விரலை ட்ரிக்கருக்கு வெளியே வை என்று சலிக்காமல் சொல்கிறார்கள். எங்கேயாவது ஒரு துப்பாக்கி கிடக்கக் கண்டால் உங்கள் வேலை அதைத் தொடாமல் நின்று பெரியவர்களைக் கூப்பிடுவதுதான்.

சுமப்பதில் உள்ள சிக்கல்

இத்தகைய பொருளை இடுப்பில் வைத்துக்கொண்டு குதிரை ஏறும் சிப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒரு கையில் கடிவாளம். இன்னொரு கையில் துப்பாக்கி. குதிரை மிரளலாம், துப்பாக்கி நழுவலாம். பிரௌனிங் கைப்பிடியின் பின்புறம் ஒரு தகடு வைத்தார். உள்ளங்கை அதை அழுத்தினால் ஒழிய ட்ரிக்கர் நகராது. கை விட்டால் துப்பாக்கி தானே பூட்டிக்கொள்ளும். அதுவும் போதாதென்று குதிரைப்படை கேட்டதால், கட்டைவிரலால் தள்ளும் இன்னொரு தாழ்ப்பாளும் 1910-ல் சேர்ந்தது. கைப்பிடியின் அடியில் ஒரு வளையம். அதில் கயிறு கட்டித் தோளில் மாட்டிக்கொண்டால், நழுவினாலும் தரையில் விழாது. ஊசியிலும் ஒரு யுக்தி உண்டு. அது தன் துளையைவிடக் குட்டை. சுத்தி அதன்மேல் சாய்ந்து கிடந்தாலும் முனை கேப்பைத் தொடாது; சுத்தி ஓங்கி அடித்தால்தான், நிலைமத்தினால் தாவிப்போய்க் குத்தும். அப்படியிருந்தும், உடனடி ஆபத்து இல்லாதபோது அறையைக் காலியாக வைத்தே சுமக்க வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் பொது வழக்கம்.

உறையும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. 1916-ஆம் ஆண்டு மாதிரி உறை கனத்த தோலால் ஆனது. ட்ரிக்கரை முழுதும் மூடும். மேலே மடிந்து விழும் மூடி மழையையும் மணலையும் தடுக்கும். இடுப்புப் பட்டையில் தொங்கும். இரண்டாம் உலகப் போரில் விமானிகளும் டாங்கிப் படையினரும் குறுகிய இருக்கையில் இடுப்பு உறையோடு உட்கார முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்காகத் தோளில் மாட்டும் உறை வந்தது. நல்ல உறை மூன்று வேலை செய்யவேண்டும்: துப்பாக்கியை விழாமல் பிடிக்க வேண்டும், ட்ரிக்கரை எதுவும் தொடாமல் மறைக்க வேண்டும், வேண்டும்போது தடையின்றிக் கொடுக்க வேண்டும். முதலும் மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரி.

ரசாயனம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. சுமப்பதற்குத் தோல் உறை நல்லது; மாதக்கணக்கில் உள்ளே வைத்துப் பூட்டுவதற்குக் கெடுதல். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் சிறிது தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும், எஃகு துருப்பிடிக்கும். குழலுக்குள் இன்னொரு உப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து 0.45 தோட்டாவின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படியும். நம் சாப்பாட்டு உப்பின் தம்பி. எண்ணெய் போட்டுத் துடைத்த சிப்பாயின் குழல் மறுநாளே துருப்பிடித்தது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவியவனுடையது பளபளத்தது. எண்ணெயில் கரையாத உப்பு தண்ணீரில் கரைகிறது, அவ்வளவுதான் இரகசியம்.

குண்டின் மேலுறை

ஈயம் கனமானது, மலிவானது, ஆனால் மெத்தென்றது. வெறும் ஈயக் குண்டு தோட்டா அறைக்கு ஏறும் சரிவில் நசுங்கும், குழலுக்குள் அப்பிக்கொள்ளும். ஆகவே ராணுவக் குண்டுக்குச் செம்புக் கலவையால் ஒரு சட்டை போட்டு, மூக்கை உருண்டையாக்கினார்கள். சட்டையை முனையில் திறந்துவிட்டால் குண்டு உடலுக்குள் போய் விரிந்து கோரமான காயம் உண்டாக்கும். இத்தகைய குண்டுகளை 1890-களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் ஆங்கிலேயர் செய்தனர். 'டம்டம் குண்டு' என்று உலகெங்கும் பெயர் பரவிற்று. 1899-ல் ஹேக் மாநாடு போரில் அவற்றைத் தடை செய்தது. இன்று டம்டமில் இருப்பது கல்கத்தா விமான நிலையம்.

குழலின் உட்புறம் வழவழப்பாக இராது. இடப்பக்கமாகச் சுழலும் ஆறு பள்ளங்கள் உண்டு; 16 அங்குலத்துக்கு, அதாவது 406 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. 253 மீட்டரை 0.406-ஆல் வகுத்தால் நொடிக்கு 620 சுற்றுக்கு மேல் வருகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் குண்டும் தலைகீழாகப் புரளாமல் மூக்கு முன்னாகப் போகிறது. புவியீர்ப்பு மட்டும் விடுவதில்லை. 25 மீட்டர் போக நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் 5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். கையிலிருந்து நழுவிய கல் அதே நேரத்தில் விழும் தூரமும் அதுதான்.

1985-ல் மாற்றம்

1985-ல் அமெரிக்க ராணுவம் பழைய துப்பாக்கியை விட்டு, நேட்டோ நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் இத்தாலிய பெரெட்டாவுக்கு மாறியது. அதன் குண்டு சுமார் 8 கிராம். திசைவேகம் நொடிக்குச் சுமார் 370 மீட்டர், ஒலியைவிட அதிகம். உந்தத்தையும் ஆற்றலையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். உந்தம் 2.96, பழையதைவிடக் குறைவு. ஆற்றல் 548 ஜூல், பழையதைவிட அதிகம்! உதைப்பும் குறைந்தது. 0.45 தோட்டா ஒன்று சுமார் 21 கிராம், 9 மில்லிமீட்டர் தோட்டா சுமார் 12 கிராம்; ஏழுக்குப் பதில் பதினைந்து தோட்டாவை மேகஸினில் அடைத்தும் கூடிய சுமை 30 கிராம் அளவே. இவ்வளவு ஆன பிறகும் எது சிறந்தது என்ற தர்க்கம் ஓயவில்லை. அமெரிக்க மரீன் படை 2012-லும் தன் சில பிரிவுகளுக்காக மாடல் 1911-இன் புதிய வடிவத்தை வாங்கியது.

பிரௌனிங் 1926-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே இறந்தார். இன்று உலகில் செய்யப்படும் பெரிய ரகக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் குழல் சற்றுப் பின்னால் நகர்ந்து, பின்முனை கீழே சாய்ந்து பூட்டைத் திறக்கிறது. ஊசல் இணைப்புக்குப் பதில் சரிவான ஒரு வெட்டு அந்த வேலையைச் செய்கிறது.